கப்பல் பாரிஸில் இல்லை: லெ பெக் துறையில் தவறிய ஒரு மாலை (நிகழ்வு ஆய்வு)

2023 செப்டம்பரில், பாரிஸுக்கு மேற்கே லெ பெக் என்ற புறநகர்ப் படகுத்துறையிலிருந்து புறப்பட்ட ஆற்றுக் கப்பலை எங்கள் குழுவில் இருந்த ஒரு வயதான தம்பதி தவறவிட்டார்கள். மறுநாள் காலை கப்பலின் அடுத்த துறையான வெர்னோனில் ஏறிக்கொண்டார்கள். யாருக்கும் உடம்புக்கு எதுவும் ஆகவில்லை. ஆனாலும் அந்த மாலையில் எடுத்த முடிவுகளில் சில யோசித்து எடுத்தவை, சில தற்செயலாகச் சரிப்பட்டவை. குழுவை அழைத்துப் போனவன் நான் என்பதால் இரண்டையும் பிரித்து எழுதிவைக்கிறேன்.

பின்னணி

குழுவில் 16 பேர். சென்னை, கோவை, திருச்சியிலிருந்து வந்தவர்கள். பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். செய்ன் நதியில் பாரிஸிலிருந்து ருவான் வரை போய்த் திரும்பும் ஒரு வாரப் பயணம். கப்பலில் மொத்தம் 150 பேர் அளவில் இருப்பார்கள், தமிழர்கள் நாங்கள் மட்டுமே.

எங்கள் விளம்பரத் தாளில் முதல் இரண்டு இரவுகளுக்கு எதிரே “பாரிஸ்” என்றுதான் போட்டிருந்தது. விற்பனையில் இருந்தவர்கள் ஒருபடி மேலே போய், ஈஃபில் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே கப்பல் நிற்கும் என்று சிலரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஏறின அன்றே ஒருவர் என்னிடம் வந்து, “என்ன சார், ஜன்னலைத் திறந்தா மரம்தான் தெரியுது?” என்று கேட்டார்.

கப்பல் நின்றது லெ பெக்கில். சாலை வழியே பாரிஸ் நடுவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஆற்று வழியே கணக்குப் போட்டால் ஏறத்தாழ 50. பாரிஸை விட்டதும் செய்ன் பெரிய பெரிய வளைவாகச் சுற்றித்தான் மேற்கே வருகிறது. நடுவில் சுரேனில் ஒன்று, பூஜிவால் பக்கம் ஒன்று என இரண்டு இடங்களில் லாக், அதாவது கப்பலை உள்ளே விட்டு நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் கதவுகள், இருக்கின்றன. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் தூரத்தைக் கப்பலில் கடக்க அரை நாள் போய்விடும். பாரிஸ் நகருக்குள் நூறு மீட்டரைத் தாண்டிய கப்பல்களைக் கட்ட இடமும் குறைவு, பாலங்களும் தாழ்வு. நார்மண்டி பக்கம் போகும் கப்பல் லெ பெக்கிலேயே நின்று, ஆட்களை மட்டும் பஸ்ஸில் நகருக்கு அனுப்பினால் நேரமும் எரிபொருளும் மிச்சம். குறை சொல்ல முடியாத ஏற்பாடு. அதை நாங்கள் வாடிக்கையாளருக்குச் சொல்லவில்லை என்பதுதான் பிரச்சினை.

இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. பாரிஸிலிருந்து புறப்பட்ட முதல் பயணிகள் ரயில் 1837 ஆகஸ்டில் ஓடியது. அதற்குப் பெயர் பாரிஸ்–சான்-ஜெர்மேன் ரயில். ஆனால் நின்றது லெ பெக்கில், ஆற்றின் இக்கரையில். சான்-ஜெர்மேன் அக்கரை மேட்டின் உச்சியில் இருக்கிறது, அன்றைய எஞ்சினால் அந்த ஏற்றம் ஏற முடியாது. பயணிகள் இறங்கி, பாலம் தாண்டி, மேடு ஏறிப் போனார்கள். பத்து வருஷம் கழித்து, 1847ல்தான் தண்டவாளம் மேலே போனது. ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லி விற்று லெ பெக்கில் இறக்கிவிடுவதில் எங்களுக்கு முன்னோடிகள் இருந்திருக்கிறார்கள்.

அன்று காலை

மூன்றாம் நாள். மாலை 6 மணிக்குக் கப்பல் வெர்னோனுக்குப் புறப்பட வேண்டும், 5.30க்குள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். காலையில் பஸ்ஸில் பாரிஸ் சுற்றிக் காட்டி, 12 மணிக்கு ஓப்பெரா அருகே விட்டோம். 3.30க்கு அதே இடத்தில் பஸ்.

தம்பதியில் பெரியவருக்கு வயது 71, சர்க்கரை நோயாளி, காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுபவர். அம்மாவுக்கு 68, சைவம். கப்பல் சமையல்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்குச் சைவம் என்றால் சாலடும் வறுத்த கத்தரிக்காயும். “சோறும் ரசமும் கிடைச்சாப் போதும் தம்பி” என்று அம்மா முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். பாரிஸின் லா சப்பல் பகுதியில் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திராமல் ரயிலில் தாங்களே வந்துவிடுவதாகக் கேட்டார்கள்.

நான் சரி என்றேன். பெரியவர் ரயில்வேயில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “ரயில்லயே பொறந்து வளர்ந்தவங்க நாங்க” என்று அவர் சொன்னபோது மறுத்துப் பேச வாய் வரவில்லை. “ஆர்.இ.ஆர். ஏ தடம், சான்-ஜெர்மேன் போற வண்டி, லெ வெசினே–லெ பெக் ஸ்டேஷன், அங்கிருந்து இருபது நிமிஷ நடை” என்று வாயால் சொன்னேன். ஆர்.இ.ஆர். என்பது பாரிஸையும் புறநகர்களையும் இணைக்கும் ரயில். அவர் சின்ன டைரியில் குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த நாள் பார்த்தேன்: “RER A” என்றும் அதன் கீழே “LE PECQ” என்றும் மட்டும் இருந்தது.

கப்பலின் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட அட்டை ஒன்று எல்லோருக்கும் கொடுத்திருந்தோம். அது முந்தின நாள் போட்ட பேன்ட் பாக்கெட்டில் தங்கிவிட்டது. செல்பேசியில் வெளிநாட்டு இணைப்பும் இல்லை; கப்பல் வைஃபையே போதும் என்று எங்கள் அலுவலகமே சொல்லியிருந்தது.

என்ன நடந்தது

இதை மறுநாள் இருவரிடமும் உட்கார்ந்து கேட்டு வரிசைப்படுத்தினேன்.

நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். இரவுக்கென்று அம்மா இடியப்பமும் சொதியும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டார். புறப்படும்போது கடைக்காரரிடம் வழி கேட்டிருக்கிறார்கள். பெரியவர் டைரியைப் பார்த்து “லெ பெக்யூ” என்று வாசித்திருக்கிறார். எழுத்தில் சி-யும் க்யூ-வும் இருப்பதால் தமிழர் யாரும் அப்படித்தான் வாசிப்பார்கள்; ஊர்க்காரர்கள் சொல்வது “லெ பெக்”. கடைக்காரருக்குப் புரியவில்லை. “பாரிஸுக்கு வெளியே, ஆத்துல பெரிய கப்பல் நிக்கிற ஊர்” என்று விளக்கியிருக்கிறார் பெரியவர்.

“கப்பலோ? அது கொன்ஃப்லான்லதான் நிற்கும் ஐயா. நான் கண்டிருக்கிறன்.”

அவர் சொன்னது பொய் இல்லை. கொன்ஃப்லான்-செந்த்-ஓனோரீன் பிரான்சின் படகோட்டிகளுக்குத் தலைநகர் மாதிரி. வாஸ் ஆறு செய்னில் கலக்கும் ஊர், கரை நெடுகப் படகுகள். உல்லாசக் கப்பல்களும் அங்கே நிற்கும். அதுவும் ஆர்.இ.ஆர். ஏ தடத்தில்தான் இருக்கிறது. டைரியில் இருந்த “RER A”யோடு பொருந்திப் போனதால் பெரியவருக்குச் சந்தேகமே வரவில்லை. கடையில் வேலை பார்த்த பையன் கார் து நோர் ஸ்டேஷன் வரை கூடவே வந்து, மெஷினில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, எங்கே மாற வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறான். முன்பின் தெரியாதவர்களுக்கு இவ்வளவு செய்பவர்கள் அரிது. அந்த அக்கறைதான் அவர்களை வேறொருவரிடமும் கேட்க விடாமல் செய்தது.

ஏ தடம் மேற்கே போய் மூன்று கிளையாகப் பிரிகிறது: ஒன்று சான்-ஜெர்மேன், ஒன்று புவாஸி, ஒன்று செர்ஜி. லெ பெக் முதல் கிளையில். கொன்ஃப்லான் செர்ஜி கிளையில். நடைமேடைப் பலகையில் “லெ பெக்” என்ற பெயரைத் தேடினாலும் சட்டென்று கண்ணில் படாது. வண்டியின் முகப்பில் கடைசி ஸ்டேஷன் பெயர்தான் இருக்கும்.

கொன்ஃப்லான்-ஃபின்-துவாஸ் ஸ்டேஷனில் இறங்கி, அரை மணி நேரம் கரையோரம் நடந்து, தூரத்தில் நீளமான வெள்ளைக் கப்பலைப் பார்த்ததும் நிம்மதியாகியிருக்கிறார்கள். நடைபாலத்தில் ஏறி வரவேற்பு மேசையில் கேபின் சாவி அட்டையை நீட்டியபோதுதான் அங்கிருந்த பெண், “இது எங்கள் அட்டை இல்லையே” என்றிருக்கிறாள். இந்தக் கப்பல்கள் எல்லாமே ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், யாரையும் குறை சொல்ல முடியாது. அட்டையில் இருந்த கப்பல் பெயரைப் பார்த்து அவளே எங்கள் கப்பலுக்குப் போன் செய்தாள். அப்போது மணி 5.20.

முடிவுகள்

முதல் கால் மணி நேரம் அவர்களை லெ பெக்குக்கே கொண்டுவரப் பார்த்தோம். அந்தப் பெண் டாக்சிக்கு அழைத்தாள். 40 நிமிடம் ஆகும் என்றார்கள். அதற்கு மேல் சாலையில் அரை மணி. 5.35க்கு அந்த வழி அடைபட்டது.

அடுத்து, கப்பலை நிறுத்திவைக்க முடியுமா? கேப்டன் என்னை மேல்தளத்துக்கு அழைத்துப் போய்க் கையைக் காட்டினார். துறையில் இடம் குறைவானதால் இரண்டு கப்பல்களை அடுத்தடுத்து ஒட்டிக் கட்டியிருந்தார்கள். நாங்கள் கரைப் பக்கம், இன்னொன்று எங்களுக்கு வெளிப் பக்கம். அது விலகி வழிவிட்டால்தான் நாங்கள் கிளம்ப முடியும். கிளம்பியதும் அது எங்கள் இடத்துக்கு வரும். அந்தக் கப்பலில் ஏற வேண்டியவர்கள் பெட்டிகளோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். “இருபது நிமிடம் தருகிறேன். அதற்கு மேல் என் கையில் இல்லை” என்றார். இருபது நிமிடம் எங்களுக்கு உதவாது.

மூன்றாவது யோசனை என்னுடையது. எங்கள் கப்பல் எப்படியும் கொன்ஃப்லானைத் தாண்டித்தான் வெர்னோன் போக வேண்டும். போகிற வழியில் அந்த வெள்ளைக் கப்பலோடு ஐந்து நிமிடம் ஒட்டி நின்று இருவரையும் ஏற்றிக்கொள்ளலாமே? கேப்டன் மறுத்தார். முன்பதிவில்லாத துறையில் ஒட்டுவதற்கு அந்தக் கப்பலின் கேப்டனும் துறைக்காரர்களும் சம்மதிக்க வேண்டும், இருட்டும் நேரத்தில் வயதானவர்களைக் கப்பல் விட்டுக் கப்பல் ஏற்ற மாட்டேன் என்றார். கொஞ்சம் கீழே ஆந்த்ரேஸியில் லாக் இருக்கிறதே, அங்கே நிற்கும்போது ஏறலாமா என்று கேட்டேன். லாக் ஆள் ஏறும் இடமல்ல என்று முடித்துவிட்டார். முன்கூட்டியே பேசியிருந்தால் கொன்ஃப்லானில் ஏற்றியிருக்க முடியும் என்று இன்றும் நினைக்கிறேன். அரை மணிக்குள் கேட்டுச் சம்மதம் வாங்கும் காரியமாக அது இல்லை என்பதும் உண்மை.

மீதி இருந்தது, அவர்கள் தரை வழியே வெர்னோன் வருவது. தனியாக வரச் சொல்லலாம்தான். இன்சுலின்தான் தடை: இரவு ஊசி கேபின் குளிர்ப்பெட்டியில் இருந்தது. கோவையில் இருக்கும் அவர்கள் மகளை எழுப்பிப் பேசினேன், அவர் மருத்துவர். ஒரு வேளை சில மணி நேரம் தள்ளிப்போனால் உடனே ஆபத்தில்லை, ஆனால் இரவு முழுக்க விட வேண்டாம், சாப்பாடு கையில் இல்லாமல் ஊசியும் போட வேண்டாம் என்றார். அதோடு நான் இறங்குவதென்று முடிவாயிற்று. கப்பலின் பயண மேலாளர் மீதி 14 பேரையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். குழுவில் பிரெஞ்சு கொஞ்சம் தெரிந்த புதுச்சேரிப் பேராசிரியை ஒருவர் இருந்தது என் நல்ல காலம்.

பணியாளர் ஒருவரோடு போய் கேபினைத் திறந்து, பேனா ஊசி, மாத்திரைகள், ஒரு மாற்று உடை, வரவேற்பில் இருந்த இரண்டு பாஸ்போர்ட்டுகள் எல்லாம் எடுத்துக்கொண்டு 5.55க்கு இறங்கினேன். கப்பல் 6.15க்குப் போனது. எனக்கு டாக்சி வந்தது 6.25க்கு.

கொன்ஃப்லான், மாலை

டாக்சியில் பையைத் திறந்து சரிபார்த்தபோதுதான் தெரிந்தது, பேனாவை எடுத்தவன் அதில் மாட்டும் ஊசி முனைகளை எடுக்கவில்லை. அவை குளியலறைப் பையில் இருந்திருக்கின்றன. ஊசி முனை இல்லாத பேனாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது! கொன்ஃப்லானுக்குள் நுழைந்ததும் ஓட்டுநரிடம் பச்சைச் சிலுவை விளக்கு எரியும் கடையைக் காட்டச் சொன்னேன். பிரான்சில் மருந்துக் கடைக்கு அதுதான் அடையாளம். மணி 7.10. கடையை மூடக் கொஞ்ச நேரமே இருந்தது. பேனாவைக் காட்டினேன். மருந்துச் சீட்டு கேட்காமல் ஒரு பெட்டி ஊசி முனை கொடுத்தார். அரை மணி தாமதமாக வந்திருந்தால் இந்த ஆய்வு வேறு மாதிரி முடிந்திருக்கும். இது திட்டத்தில் சேராது, அதிர்ஷ்டத்தில் சேரும்.

அவர்கள் கரையோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு பெரிய கான்கிரீட் படகு, நெடுநாளாகப் படகோட்டிகளின் தேவாலயமாக இருப்பது. பெயர் “நான் சேவை செய்கிறேன்” என்று பொருள்படும். வெள்ளைக் கப்பல்காரர்கள் காபி கொடுத்து உள்ளேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். “அடுத்தவங்க வீட்ல எவ்வளவு நேரம் தம்பி உக்கார்றது?” என்று அம்மா வெளியே வந்துவிட்டாராம்.

பெரியவர் என் முகத்தைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: “ரயில் தப்பு இல்ல தம்பி. டிக்கெட்ல போட்ட ஸ்டேஷன்லதான் இறங்கினேன். ஊர்தான் தப்பு.”

ஊசி போட்டுக்கொண்டார். இடியப்பப் பொட்டலத்தைப் பிரித்தோம். சொதி பிளாஸ்டிக் பையில் ஆறிப்போயிருந்தது. மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஏழே முக்கால் இருக்கும், ஆற்றின் வளைவில் எங்கள் கப்பல் வந்தது. மேல்தளத்தில் எங்கள் ஆட்கள் நின்று கை ஆட்டினார்கள், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மா இடியப்பக் கையாலேயே சுட்டிக் காட்டி, “அது நம்ம ரூம்தானே? லைட் எரியுதே” என்றார். அவசரத்தில் நான் அணைக்க மறந்த விளக்கு. பெரியவர் எழுந்து நின்று கப்பல் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வெர்னோன்

ரயிலில் போவதானால் வழியில் வண்டி மாற வேண்டும். அவர் முழங்காலைப் பார்த்ததும் அந்த எண்ணத்தை விட்டேன். டாக்சி, சுமார் 60 கிலோமீட்டர், 170 யூரோ. ரயில் நிலையம் அருகே ஒரு சாதாரண ஓட்டலில் இரண்டு அறை. கப்பல் விடிவதற்குள் வந்து சேர்ந்திருந்தது. 7.30க்கு நடைபாலத்தில் ஏறினோம், ஒன்பது மணிக்கு ஜிவெர்னியில் ஓவியர் மோனேயின் தோட்டத்துக்குக் கிளம்பிய பஸ்ஸில் அவர்களும் இருந்தார்கள். செலவை எங்கள் நிறுவனம் பாதி ஏற்க முன்வந்தது. என் அறிக்கையைப் படித்த பிறகு முழுவதையும் ஏற்றுக்கொண்டது.

பிறகு யோசித்ததில்

கப்பலைக் காக்க வைக்க மன்றாடாமல் சீக்கிரம் இறங்கியது சரி. மகளிடம் கேட்டது சரி. மருந்தை எடுக்கப் போனவன் மருந்துப் பை எது என்று நோயாளியிடமே போனில் கேட்காதது என் தவறு. அப்போது அவர் இணைப்பில்தான் இருந்தார்.

ஆனால் அடிப்படைத் தவறு காலையில் நடந்தது, அதற்கும் முன்பு விளம்பரத் தாளில் நடந்தது. கப்பல் பாரிஸில் நிற்கிறது என்று நம்பியவருக்கு லெ பெக் என்பது மனதில் பதியவில்லை. “பாரிஸுக்கு வெளியே கப்பல் நிக்கிற ஊர்” என்று அவர் விளக்கியதற்குப் பொருந்தும் ஊர்கள் செய்ன் கரையில் ஒன்றுக்கு மேல் உண்டு.

மாற்றியவை

அட்டையை மாற்றினோம். இப்போது அதில் முதல் வரி கப்பல் பெயர் அல்ல, ஸ்டேஷன் பெயர். பிரெஞ்சு எழுத்திலும் தமிழிலும். “சான்-ஜெர்மேன் போகும் வண்டி மட்டும். செர்ஜி, புவாஸி வேண்டாம்” என்று தடித்த எழுத்தில். உச்சரிப்பு “லெ பெக்”. பின்பக்கத்தில் அடுத்த துறையின் முகவரி, தவறவிட்டால் நேரே அங்கே வரலாம் என்பதற்காக. 2025 ஜனவரியிலிருந்து பாரிஸ் வட்டாரம் முழுக்க ரயிலுக்கு ஒரே கட்டணம் (அந்த ஆண்டில் 2.50 யூரோ) என்று ஆகிவிட்டதால் போகும் ஊர் அச்சிட்ட பழைய டிக்கெட்டும் போய்விட்டது. ஆகவே அட்டையைப் பேன்ட் பாக்கெட்டில் வைக்க விடாமல் கழுத்துப் பட்டையோடு சேர்த்துக் கொடுக்கிறோம். பெரியவர்கள் சிலர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளிக்கிறார்கள், போட்டுக்கொள்கிறார்கள்.

இன்சுலின் போடுபவர்கள் அன்றைய இரவு மருந்தையும் ஊசி முனையையும் கையோடு கொண்டுபோக வேண்டும். எல்லோருக்கும் வெளிநாட்டு இணைப்பு கட்டாயம், கட்டணத்திலேயே சேர்த்துவிட்டோம்.

புறப்படும் நாளில் பாரிஸுக்கு அழைத்துப் போவதையும் நிறுத்தினோம். அன்றைக்கு லெ பெக்கிலேயே இருக்கிறோம். மேட்டுக்குமேல் சான்-ஜெர்மேன் அரண்மனை. பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி 1638ல் அதன் பக்கத்தில் அப்போது இருந்த புது அரண்மனையில்தான் பிறந்தான். பழைய அரண்மனையை ஒட்டித் தோட்டக் கலைஞர் லெ நோத்ர் அமைத்த மேடை நடைபாதை, 2.4 கிலோமீட்டர் நீளம். நின்று பார்த்தால் கீழே நம் கப்பல் கட்டிய ஆறும், தூரத்தில் லா தெஃபான்ஸ் பகுதியின் உயர்ந்த கட்டிடங்களும், வானம் தெளிவாக இருந்தால் ஈஃபில் கோபுரமும் தெரியும். போன இரண்டு குழுக்களும் இதைத்தான் அதிகம் பேசின. லா சப்பல் சாப்பாடு முதல் நாளே, பஸ்ஸில், எல்லோருமாக.

விளம்பரத் தாள்தான் பாதி மாறியிருக்கிறது. முதல் பக்கத்தில் “லெ பெக்” என்று போடச் சொன்னேன். “அந்தப் பேரைப் பார்த்து யார் சார் பணம் கட்டுவாங்க?” என்றார் விற்பனை மேலாளர். கடைசியில் நான்காம் பக்கத்தில் ஒரு வரைபடம் சேர்த்தார்கள். அதில் பாரிஸிலிருந்து லெ பெக் வரை ஆற்றின் வளைவுகள் எல்லாம் இருக்கின்றன. முதல் பக்கத்தில் இன்னும் ஈஃபில் கோபுரம்தான் இருக்கிறது.